கழற்றுவதற்காக ஒரு படகுத்துறை

ஏரிக்கரை வீடு எங்கள் கைக்கு வந்தபோது தண்ணீரில் இரண்டு மரக்கம்பங்கள் மட்டும் சாய்ந்து நின்றன. முன்பு இருந்தவர் கட்டிய நிரந்தரப் படகுத்துறையின் மிச்சம். படகு ஏதாவது இடித்திருக்கும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் பார்த்துவிட்டு, இடிபட்டதல்ல, ஐஸ் பிடுங்கியது என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் விஷயம் உறைத்தது. ஏரி உறையும்போது ஐஸ் கம்பத்தைச் சுற்றி இறுகிக்கொள்கிறது. நீர்மட்டம் கொஞ்சம் ஏறினாலும் மொத்தப் பாளமும் மிதந்து எழும்பும், கம்பத்தையும் கூடவே தூக்கும். அடியில் உண்டான இடைவெளியில் மண் சரிந்து அடைத்துக்கொள்வதால் கம்பம் பழைய இடத்துக்கு இறங்காது. வருடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல் ஆடுவது போல ஆடி, கடைசியில் பிடி விட்டுப்போகும். போதாக்குறைக்கு, வெயில் பட்டால் ஐஸ் பாளம் விரிந்து கரையை நோக்கித் தள்ளும். கான்கிரீட்டையே நகர்த்தும் விசை அது.

ஆகவே, குளிர் வருமுன் கழற்றி எடுத்துவிடும் பருவகாலத் துறைதான் என்று முடிவானது. நான் செய்த தவறு, எது அழகாக இருக்கும் என்று படம் பார்க்கத் தொடங்கியது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இதை இலையுதிர்காலக் குளிர்ந்த தண்ணீரில் நின்று யார், எத்தனை பேர், எப்படி வெளியே எடுப்பார்கள் என்பது.

மனதில் இருந்தது மிதவைத் துறை. நீர்மட்டத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும், கால்களைச் சரிசெய்யும் வேலை இல்லை. ஆனால் வாங்குமுன் ஒரு நீளக் கழியில் அடி அளவுகளைக் குறித்துக்கொண்டு கோடை முடிவில், தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில், இறங்கி அளந்தேன். கரையிலிருந்து பத்தடியில் முழங்கால், முப்பதடியில்தான் இடுப்பு. அந்த ஆழத்தில் மிதவையின் கரைப்பக்கம் தரைதட்டி, ஒவ்வொரு அலைக்கும் கல்லில் உரசிக்கொண்டே இருக்கும். மிதவை விலகியது. சக்கரம் வைத்து உருட்டி இறக்கும் வகையும் எனக்குப் பிடித்திருந்தது. கழியை இன்னும் அழுத்தினேன்: இருபத்தைந்தடிக்கு அப்பால் மணல் முடிந்து சேறு, கழி முக்கால் அடி தானாக உள்ளே போனது. அதில் சக்கரம் இறங்கினால் மாடு கட்டித்தான் இழுக்க வேண்டும். மிஞ்சியது, உயரம் மாற்றக்கூடிய குழாய்க் கால்கள் கொண்ட துறை. அலுமினியச் சட்டம், ஒரே பருமனுள்ள எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மேலே தேவதாருப் பலகைகள், தனித்தனித் தட்டுகளாகத் தூக்கி எடுக்கும்படி. இரண்டு பேர் ஒரு துண்டைச் சுமக்க முடிகிறதா என்று கடையிலேயே தூக்கிப் பார்த்தோம். கடைக்காரர் எங்களை விசித்திரமாகப் பார்த்தார், பார்க்கட்டும்.

அனுமதி விஷயம் தனிக் கதை. கரை நம்முடையது என்றாலும் ஏரியின் அடித்தரை பெரும்பாலும் நம்முடையதல்ல, பொதுச் சொத்து. அதன்மேல் ஒன்றை நிறுத்தக் கேட்கிறோம் என்ற நினைவோடு போனால் பாதிக் கோபம் குறையும். மேலிருந்து ஒரு வரைபடம், பக்கவாட்டில் ஒன்று, உயர்ந்தபட்ச நீர்மட்டக் கோடு, எந்த மாதம் இறக்கி எந்த மாதம் எடுப்போம் என்ற விவரம், இவ்வளவும் கேட்டார்கள். என் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. வீட்டு எல்லைக்கோடுகளை அப்படியே நேராக ஏரிக்குள் நீட்டியிருந்தேன். எங்கள் கரை உள்வாங்கி வளைந்தது. நேராக நீட்டினால் எனக்கும் பக்கத்து வீட்டுக்குமான நீர்ப்பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். வளைவுக்கேற்பக் கோட்டைத் திருப்பி வரைந்து, பெரியவரிடம் காட்டி, அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகு மறுபடி அனுப்பினேன். காகிதம் போகுமுன் அவரிடம் போயிருந்தால் ஒரு மாதம் மிச்சம்.

நிபந்தனைகளில் இரண்டு எனக்குப் புதிது. மீன்கள் கரையோரம் முட்டையிடும் வாரங்களில் தண்ணீரில் வேலை கூடாது. பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும், கீழே இருக்கும் நீர்த்தாவரங்களுக்கு வெளிச்சம் போவதற்காக. பழைய துறை ஒன்று மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்டபோது, எந்த ஏரியில் கிடந்தது என்று திருப்பிக் கேட்டார் அதிகாரி. வரிக்குதிரைச் சிப்பிகள், அதாவது வெளியிலிருந்து வந்து ஏரியையே ஆக்கிரமித்துவிடும் சின்ன வரிச் சிப்பிகள், இப்படித்தான் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகின்றனவாம். அந்த ஆசையையும் அங்கேயே விட்டேன்.

இறக்கியது வசந்தத்தின் பிற்பகுதியில், நண்பர்கள் இருவரோடு. கரைப்பலகையைப் பொருத்தி, முதல் துண்டை அதில் கொக்கியிட்டு, கால்களை இறக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்துத் திருகாணியை முறுக்க வேண்டும். அடுத்த துண்டு அதன் முனையில் தொங்கும். எழுத இரண்டு வரி, செய்ய ஒரு பகல் முழுக்க. முதல் மணி நேரத்திலேயே திருகாணிச் சாவி தண்ணீருக்குள் போய்விட்டது. சேறு கலங்கிய பிறகு தேடுவதில் பொருளில்லை. அடுத்த சாவியைக் கயிறு போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் கடைசித் துண்டு ஒரு பக்கம் சரிந்தது. கால்களுக்கு அடியில் இருந்த தட்டு சேற்றுக்குப் போதவில்லை. அகலமான தட்டு மாட்டி, சரிந்த பக்கத்தைத் தூக்கி மறுபடி முறுக்கினோம், பிறகு அசையவில்லை. இரவு வெளிச்சத்துக்கு மின்கம்பி இழுக்கும் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கசிவு இருந்தால் நீந்துகிறவர் வழியாகப் பாயும். சூரிய விளக்கு இரண்டு போதும்.

இலையுதிர்காலத்தில் கழற்றும்போது ஒவ்வொரு காலுக்கும் துண்டுக்கும் வண்ணத்தில் எண் போட்டேன். கால்களின் உயரம் ஒன்று போல் ஒன்று இல்லை. தண்ணீரில் இரண்டரை மணி நேரம், மூன்று பேர். எல்லாவற்றையும் உயர்நீர்க் கோட்டுக்கு மேலே அடுக்கினோம்.

இந்த வசந்தத்தில் ஐஸ் உருகியதும் போய்ப் பார்த்தேன். அடுக்கியது அப்படியே இருந்தது. முன்னவர் விட்டுப்போன கம்பங்களில் உயரமானது இன்னும் ஒரு சாண் மேலே வந்திருந்தது. அதைப் பிடுங்கி எறிவதற்கும் தனி விண்ணப்பம் வேண்டுமாம். படிவம் மேசைமேல் கிடக்கிறது.