உபுண்டு 24.04: ஏன் பழையதை அழித்துவிட்டு நிறுவினேன்

என் வீட்டுக் கணினியில் இருந்த உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 20.04 பதிப்புக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 மே மாதத்தோடு நின்றுவிட்டன. உபுண்டு புரோ என்ற நீட்டிப்புச் சேவையில் பதிவு செய்துகொண்டால், தனிநபர்களுக்கு ஐந்து கணினிகள் வரை கட்டணமின்றி மேலும் ஐந்தாண்டுகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும். ஆனால் நான் அன்றாடம் பயன்படுத்தும் சில மென்பொருள்களின் புதிய பதிப்புகள் 20.04-இல் ஓடாது என்றாகிவிட்டதால், மாறியே தீர வேண்டியிருந்தது.

20.04-இலிருந்து 24.04-க்கு நேராக மேம்படுத்த வழியில்லை, முதலில் 22.04-க்குப் போய், அங்கிருந்துதான் அடுத்ததற்கு ஏற வேண்டும். அதற்கு ஆகும் நேரம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. என்னைத் தயங்க வைத்தது, மேம்படுத்தும்போது நடுவில் வரும் ஒரு கேள்வி: இந்த அமைவுக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், உங்களுடையதையே வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா? எதற்காக மாற்றினோம் என்பதே மறந்துபோன நிலையில் எண்டர் விசையைத் தட்டினால் பழையதே தங்கிவிடும். இப்படியே நாம் மறந்துபோன முடிவுகளும் பதிப்புக்குப் பதிப்பு கூடவே வருகின்றன.

இந்த அனுபவம் எனக்கு முன்பே உண்டு. இதே கணினியை 18.04-இலிருந்து 20.04-க்கு மேம்படுத்தியபோது, தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸின் 10-ஆம் பதிப்பு நீங்காமல், பிற மென்பொருள்கள் அதனோடு இணையும் 5432-ஆம் போர்ட்டிலேயே இருந்தது. புதிதாக வந்த 12-ஆம் பதிப்பு அதன் பக்கத்தில் 5433-இல் வெறுமையாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக் கணக்குகள் அனைத்தும் பழையதில்தான் இருக்கின்றன என்பதை நான் பல மாதங்கள் கழித்தே கவனித்தேன். எதுவும் தொலையவில்லை என்றாலும், என் கணினியில் என்ன ஓடுகிறது என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது மனத்தை உறுத்தியது.

ஆகவே இம்முறை, வன்தட்டு முழுவதையும் வெளிவன்தட்டு ஒன்றில் படியெடுத்து, தரவுத்தளத்தைத் தனியே ஒரு கோப்பாக இறக்கி, நானாக நிறுவிய மென்பொருள் பொதிகளின் பட்டியலையும் எடுத்து வைத்துக்கொண்டு, பென் டிரைவிலிருந்து 24.04-ஐப் புதிதாக நிறுவினேன். பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையை வன்தட்டின் தனிப் பகுதியில் (பார்ட்டிஷனில்) வைத்து அதை மட்டும் அழிக்காமல் விட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் அந்தக் கோப்புறையில் ஆவணங்களோடு, மென்பொருள்களின் அமைவுகளைத் தாங்கும், புள்ளியில் தொடங்கும் மறைகோப்புகளும் இருக்கின்றன. பழைய சிக்கல்களில் பாதி அவற்றிலிருந்துதான் வருகின்றன என்பது என் எண்ணம். அதனால் ஆவணங்கள், படங்கள், வேறு கணினிகளில் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சாவிகள் ஆகியவற்றை மட்டும் கொண்டுவந்தேன். தமிழ்99 விசைப்பலகைக்காக ஐபஸ்-எம்17என் என்ற உள்ளீட்டுப் பொதியை மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது. அது ஐந்து நிமிட வேலை.

எல்லாருக்கும் இதையே சொல்ல மாட்டேன். என் தங்கையின் மடிக்கணினியில் 22.04 இருந்தது, உபுண்டுவுக்கு வெளியிலிருந்து மென்பொருள் தரும் களஞ்சியம் எதையும் அவள் சேர்க்கவில்லை, அமைவுக் கோப்பு எதையும் தொடவில்லை. அதை மேம்படுத்தியே 24.04-க்குக் கொண்டுவந்தேன், ஒரு குறையும் இல்லை.

என் கணினியில்தான் ஒன்று விடுபட்டது. இரவுதோறும் படங்களைத் தானாகவே படியெடுக்கும் கிரான் பணி (குறித்த நேரத்தில் ஓடும் பணி) ஹோம் கோப்புறையில் இல்லை, இயங்குதளத்தின் வார் (/var) கோப்புறைக்குள் இருந்திருக்கிறது. இரண்டு வாரங்களாகப் படங்கள் படியெடுக்கப்படவில்லை என்று தெரிந்ததும், வெளிவன்தட்டில் இருந்த முழுப் படியிலிருந்து அந்தக் கோப்பைத் தேடியெடுத்துச் சேர்த்தேன். அந்தப் படியை இன்னும் அழிக்கவில்லை.