முற்றுகைக்குள் வாங்கிய நிலம்

நம்பிக்கையைப் பற்றிச் செய்தி கொடுக்கும்போது நம்மில் பலர் முதலில் திறப்பது எரேமியா 29ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தைத்தான்; தம் ஜனத்தின்மேல் தாம் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளே என்று கர்த்தர் சொல்லும் வசனம் அது. அது தரும் ஆறுதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதற்கு முந்திய வசனத்திலுள்ள, பாபிலோனிய சிறையிருப்பின் 70 வருஷங்களைச் சொல்லாமல் அதைப் பிரசங்கித்தால், பாதி வாக்குத்தத்தத்தை மட்டுமே கேட்பவர்களின் கையில் கொடுத்து அனுப்புகிறோம். ஆகையால் இந்தப் பொருளில் பேச நேரும்போது நான் அதே புத்தகத்தின் 32ஆம் அதிகாரத்துக்குப் போகிறேன்.

அது யூதாவின் ராஜாவாகிய சிதேக்கியாவின் 10ஆம் வருஷம். எருசலேமைப் பாபிலோனின் படை சூழ்ந்திருக்கிறது. நகரம் வீழும் என்று தீர்க்கதரிசனம் சொன்னதற்காக எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைக்கப்பட்டிருக்கிறார். அந்த நேரத்தில் உறவினனான அனாமெயேல் வந்து, ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை மீட்கும் உரிமை உமக்கே உரியது, வாங்கிக்கொள்ளும் என்கிறான். முற்றுகையிடப்பட்ட நகருக்குள் சிறைப்பட்டிருப்பவர் போய்ப் பார்க்கவும் முடியாத நிலம் அது. ஆனதோத் எரேமியாவின் சொந்த ஊர்தான். ஆனால் அவ்வூர் மனுஷர் அவருடைய பிராணனை வாங்கத் தேடியவர்கள் என்று 11ஆம் அதிகாரம் சொல்லுகிறது. மேலும், பெண்ணை விவாகம்பண்ணவும் பிள்ளைகளைப் பெறவும் வேண்டாம் என்று 16ஆம் அதிகாரத்தில் கர்த்தர் அவருக்குக் கட்டளையிட்டிருந்தார். உழுவதற்கு வாய்ப்பில்லாத, சுதந்தரிக்க மகனுமில்லாத ஒருவர் அந்த நிலத்துக்காக 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார்.

இந்த அதிகாரத்தை வீட்டுமனை வாங்குவதற்கான வாக்குத்தத்தமாகப் பிரசங்கிப்பதையும் கேட்டிருக்கிறேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை.

என்னை நிறுத்தி வைப்பது அந்தக் கிரயம் நடந்த விதம். பத்திரம் எழுதப்படுகிறது, சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள், வெள்ளி தராசில் நிறுக்கப்படுகிறது. முத்திரையிட்ட பிரதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றுமாக இரண்டையும் தம் எழுத்தரான பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்லுகிறார் எரேமியா. சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாத கிரயம். ஆனால் அந்தச் சட்டத்தைக் காக்கும் ராஜ்யமோ அடுத்த வருஷமே அழியப்போகிறது. நம்பிக்கையை உள்ளத்து உணர்ச்சியாக மட்டும் நாம் பிரசங்கிக்கும்போது, பணமும் சாட்சியும் பத்திரமுமாக அது இங்கே நிற்பதைத் தவற விட்டுவிடுகிறோம்.

பெரும்பாலான பிரசங்கங்கள், இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் மறுபடியும் வாங்கப்படும் என்ற 15ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகின்றன. அதன் பிறகு வருகிற ஜெபத்தையே நான் இந்த அதிகாரத்தின் இருதயமாகக் கருதுகிறேன். "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை" என்று துதியோடு தொடங்கும் அந்த ஜெபம், எகிப்திலிருந்து நடத்தப்பட்ட நாட்களை நினைவுகூர்ந்து, பின்பு நகரைப் பிடிக்கப் போடப்பட்ட கொத்தளங்களைச் சுட்டிக்காட்டி, இந்த நகரம் கல்தேயரின், அதாவது பாபிலோனியரின், கையில் ஒப்புக்கொடுக்கப்பட்டிருக்கும்போது நிலத்தை வாங்கச் சொன்னீரே என்ற திகைப்போடு நின்றுவிடுகிறது. எரேமியா முதலில் கீழ்ப்படிந்தார். குழப்பத்தை மறைக்காமல் பிறகு கேட்டார். கேள்வி எழுந்ததால் பத்திரத்தைத் திரும்பப் பெறவுமில்லை. உண்மையுள்ளவர்களுக்குச் சந்தேகமே வராது என்று மேடையிலிருந்து சொல்லும்போது, சந்தேகத்தோடு வந்து உட்கார்ந்திருப்பவரை நாம் வெளியே தள்ளிவிடுகிறோம்.

கர்த்தருடைய பதிலும் எளிதானதன்று. "என்னாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்று உண்டோ?" என்று கேட்டவர், அடுத்த வசனத்திலேயே நகரம் பிடிக்கப்படும் என்பதை உறுதிப்படுத்துகிறார், சிதறடிக்கப்பட்டவர்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்ற வாக்கு அதற்குப் பின்புதான் வருகிறது. அழிவு விலக்கப்படவில்லை, அதற்கு அப்பால் ஒரு நாள் குறிக்கப்பட்டது.

எரேமியா அந்த நிலத்தை அனுபவித்ததாக வேதம் எங்கும் சொல்லவில்லை. நகரம் வீழ்ந்த பின்பு மீதியான ஜனங்கள் அவரையும் எகிப்திலுள்ள தக்பானேசுக்குக் கொண்டுபோனார்கள். வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல் தூரத்திலே அவைகளைக் கண்டவர்கள் என்று எபிரெயர் 11ஆம் அதிகாரம் கூறுவது அவருக்கும் பொருந்தும்.

எஸ்றா 2ஆம் அதிகாரத்தின் பெயர்ப்பட்டியல், ஒழுங்காக வேதம் வாசிப்பவர்களும் வேகமாகக் கடந்துபோகும் பகுதி. சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களைக் கணக்கிடும் அந்தப் பட்டியலின் 23ஆம் வசனத்தில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர் இருக்கிறார்கள். இந்தச் செய்தியைக் கொடுக்கும்போது சபையாரை அந்த வசனத்தையும் திறந்து வாசிக்கச் சொல்லுவது என் வழக்கம்.