மாமாவின் ஸ்கேன் ரிப்போர்ட்

"ஈரலைக் காட்டப் போனா நெஞ்சுக்கு எழுதித் தாராரு மாப்ளே!"

செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மாமா ஸ்கேன் கவரை நீட்டினார். கிரேடு 1 ஃபேட்டி லிவர், அதாவது ஈரலில் லேசாகக் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. டாக்டர் எழுதிய சீட்டின் கீழே எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்), கொழுப்பு, சர்க்கரை என்று டெஸ்ட் வரிசை.

மாமா ஒரு சொட்டு குடித்ததில்லை. புனலூர், கொல்லம் என்று லோடு ஓட்டுகிறவர். ராத்திரிக்கு பிரானூர் பார்டர் புரோட்டா. (அந்தச் சால்னா வாசத்தைக் குறை சொல்ல எனக்கும் மனசில்லை.)

ஆனால் டாக்டர் எழுதியது சரிதான்.

ஃபேட்டி லிவர் உள்ளவர்களில் அதிகம் பேரைக் கொண்டுபோவது ஈரல் அல்ல, இதய நோய். கொழுப்பேறிய ஈரல் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பை ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் பேச்சையும் கேட்காது. ரத்தக்குழாய்கள் மெல்லக் கெடும்.

சிலருக்கு இதயம் நன்றாகச் சுருங்கும், ஆனால் தளர்ந்து ரத்தத்தை உள்வாங்கத் தடுமாறும். அதைப் பார்க்கத்தான் எக்கோ.

எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் ஈரலின் கொழுப்பும் அழற்சியும் குறையும். 80 கிலோ மாமாவுக்கு ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு கிலோ.

நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிக்கிறவர் அதை எப்படிக் குறைப்பது என்று மட்டும் சீட்டில் எழுதவில்லை.