பழுப்பு எந்தப் படியில் வருகிறது?

எலியின் சிறுநீரகத்தில் ஒரு புரதத்தைத் தேடுவதுதான் யாழ்ப்பாணத்தில் நான் செய்த இறுதியாண்டு ஆய்வு. புரதத்தைப் பிடிக்கும் முதலாம் பிறபொருளெதிரி, அதைப் பிடிக்கும் இரண்டாவது, அதில் ஒட்டும் பெரொக்சிடேசு நொதி சுமந்த அவிடின்-பயோட்டின் சேர்க்கை என்று ஒவ்வொன்றாக விட்டு, கடைசியில் டிஏபி என்ற சாயப்பொருளை விடுவோம். நொதி அதைப் பழுப்பாக்கும். புரதம் உள்ள இடம் மட்டும்தான் பழுப்பாகவேண்டும். முதல் சிலைட்டை நுணுக்குக்காட்டியில் வைத்தால், பனங்கட்டிப் பாகை ஊற்றிவிட்டது போல எங்கும் பழுப்பு. பிறபொருளெதிரியில்தான் பிழை என்று முடிவுகட்டி, அதன் செறிவை மாற்றி மாற்றியே இரண்டு கிழமையைத் தொலைத்தேன்.

மேல்வகுப்பு அக்கா ஒருவர் கேட்டார்: “தம்பி, வேறொண்டும் போடாமல் டிஏபி மட்டும் விட்டுப் பாத்தனீரோ?”

விட்டேன். செங்குழியங்கள் பொட்டுப் பொட்டாகப் பழுப்பாயின. இழையத்திலேயே இருக்கும் பெரொக்சிடேசின் வேலை அது. அதை அடக்கத்தானே 3% ஐதரசன் பரவொட்சைட்டில் 10 நிமிடம் வைத்தேன்? அந்தப் போத்தலில் இருந்து ஒரு சொட்டை எலிக் குருதியில் விட்டோம். நுரைக்கவே இல்லை. எப்போதோ திறந்த போத்தல். சித்திரை வெயிலில் யன்னலோரம் கிடந்திருக்கிறது. வைத்தவன் நான்தான்.

புதுப் போத்தலோடு செங்குழியங்கள் தெளிந்தன, சிறுகுழாய்கள் தெளியவில்லை. இம்முறை படிக்கு ஒரு சிலைட் வைத்தேன். முதலாவதில் டிஏபி மட்டும். இரண்டாவதில் அவிடின்-பயோட்டின் சேர்க்கையும் டிஏபியும். மூன்றாவதில் அவற்றோடு இரண்டாம் பிறபொருளெதிரி. நான்காவதில் எல்லாம். இரண்டாவதிலேயே பழுப்பு வந்துவிட்டது. சிறுநீரகத்திலும் ஈரலிலும் பயோட்டின் அதிகம். தேடும் புரதம் வெளிப்படட்டும் என்று வெட்டுமுகத்தை (சிலைட்டில் ஒட்டிய மெல்லிய இழையத் துண்டை) சூடாக்கும்போது பயோட்டினும் இன்னும் வெளிப்படும். முதலில் அவிடின், பிறகு பயோட்டின் என்று விட்டு மூடினேன், சரியானது. காசிருந்தால் பயோட்டினே இல்லாத பொலிமர் கிட் வாங்கலாம்.

மூன்றாவதில் பழுப்பு தொடங்கினால், பிறபொருளெதிரி கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க முன்கூட்டியே போடும் சீரத்தைப் பாருங்கள். இரண்டாம் பிறபொருளெதிரி ஆட்டில் உருவானதென்றால் ஆட்டுச் சீரம்தான் போடவேண்டும். முதலாம் பிறபொருளெதிரி முயலில் உருவானது என்பதற்காக முயல் சீரம் போட்டால், இரண்டாவது அதையே போய்ப் பிடித்துக்கொள்ளும். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது.

தைரமைட் போன்ற உணர்திறன் கூடிய முறைக்குப் போகிறவர்கள் பிறபொருளெதிரியின் பழைய செறிவை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அந்த முறை உண்மையான நிறத்தைப் பெருக்கும்போது குப்பையையும் சேர்த்துப் பெருக்கும். 1:200 இல் கலங்கலாக இருந்தது எனக்கு 1:2000 இல்தான் துலங்கியது.

ஓரம் மட்டும் பழுப்பென்றால் பெரும்பாலும் வெட்டுமுகம் காய்ந்திருக்கும். எங்கள் வெக்கையில் இது சர்வசாதாரணம். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஈரக் கடதாசி விரித்து அதில் சிலைட்டை வையுங்கள். பெட்டியைத் திறக்குமுன் மின்விசிறியை நிறுத்துங்கள். வேர்க்கும்தான்.