அம்மாவின் கண்

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து மறுநாள் கட்டைப் பிரித்ததும் முதலில் கேட்டது, "உன் சட்டை இவ்வளவு நீலமாடா?" என்றுதான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஐந்தாவது வாரம் காலண்டர் முன்னால் நின்று, "கட்டமெல்லாம் வளைஞ்சு தெரியுது" என்றார். ஸ்கேன் எடுத்தபோது மாக்குலாவில் நீர் கோத்திருந்தது. மாக்குலா என்பது விழித்திரையின் நடுப்பகுதி. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அதனால்தான்.

அம்மாவுக்கு 20 வருடமாகச் சர்க்கரை. புரை என்பது முன்னால் இருக்கும் லென்ஸ் மங்குவது. சர்க்கரை அரிப்பதோ பின்னால் இருக்கும் விழித்திரை ரத்தக் குழாய்களை. லென்ஸை மாற்றினால் முன்பக்கம் தெளிவாகும், பின்பக்கம் இருந்தபடியேதான் இருக்கும். ஆபரேஷனால் கண்ணுக்குள் வரும் அழற்சியில், ஏற்கெனவே கசியும் குழாய்கள் இன்னும் கசியலாம். அந்த வீக்கம் பெரும்பாலும் சில வாரம் கழித்துத்தான் தெரியவரும். இதை எங்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சர்க்கரை உள்ளவர்கள் புரை ஆபரேஷனே செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. பலருக்கும் பார்வை நன்றாகவே திரும்புகிறது. முடிந்தவரை ஆபரேஷனுக்கு முன்பே, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்துவிடுங்கள். வீக்கம் இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள். பிறகும் விழித்திரை டாக்டரிடம் போவதை விட்டுவிடாதீர்கள்.

வீக்கம் குறையக் கண்ணுக்குள் ஊசி என்றதும் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டதால் வலி அதிகமில்லையாம். நாளை மூன்றாவது ஊசி. கட்டம் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது என்கிறார்.