பெரியவன் தொப்பி போட்ட நாட்கள்

ஜூலை 15, செவ்வாய்

பெரியவன் இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிடு என்கிறார் அத்தை. எழுதவில்லை. இல்லாத காய்ச்சலை நான் ஏன் எழுத வேண்டும்? சின்னவளிடம் சொல்லி அனுப்பினேன்: "அண்ணன் வரலைன்னு மட்டும் சொல்லு. ஏன்னு கேட்டா எங்க அம்மாகிட்ட கேளுங்கன்னு சொல்லு."

தலையை ஆட்டினாள். ஆனால் வாசல் வரை போனவள் திரும்பி வந்து, ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டிவிடச் சொன்னாள். நன்றாகத்தான் இருந்தது. அவிழ்த்துக் கட்டினேன்.

ஜூலை 16, புதன்

ராத்திரியும் தொப்பியோடுதான் படுக்கிறான். அவர் திருப்பூரிலிருந்து கொண்டுவந்த தொப்பி, கம்பெனியில் கழித்துப் போட்ட பீஸ், முன்பக்கத் தையல் கோணல். இதுவரை சீண்டாமல் கிடந்தது.

தூக்கத்தில் நழுவியிருந்தது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். நெற்றியிலிருந்து உச்சி வரை மூன்று விரல் அகலத்துக்கு முடியை வெட்டிய தடம். ஒரு இடத்தில் தோல் தெரிகிறது, பக்கத்திலேயே அரை அங்குலம் நிற்கிறது. தினமும் கத்தரி பிடிக்கிறவள் நான், வெட்டைப் பார்த்தால் கத்தரி தெரியும். கூரான கத்தரி ஒரே ஓட்டமாகப் போகும், ஓரம் சுத்தமாக விழும். இது மென்று துப்பிய மாதிரி இருக்கிறது. பள்ளி ஆபீசில் தபால் கவர் வெட்ட வைத்திருக்கிற மொக்கைக் கத்தரியாகத்தான் இருக்க வேண்டும். திருகாணி லொடலொடவென்று இருந்திருக்கும். அந்தக் கத்தரி முடியை வெட்டாது, நடுவில் மடக்கிக்கொண்டு இழுக்கும்.

காலையில் வலித்ததா என்று கேட்டேன். இல்லை என்றான். காதுக்கு மேலே கீறல் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இனி கல்யாண பிளவுஸ் ஒன்றும் வராது. யோசிக்க நேரம் நிறைய.

ஜூலை 18, வெள்ளி

அவர் போனில் அரைமணி நேரம். கடைசியில் வந்து நின்ற இடம் ஒன்றுதான்: "பத்தாங்கிளாஸ் பாத்துக்க. சயின்ஸ்ல பிராக்டிகல் மார்க் 25 அவங்க கையிலதான் இருக்கு. சாரைப் பகைச்சுக்கிட வேண்டாம்."

பி.டி. சாருக்கும் சயின்ஸ் பிராக்டிகலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். எல்லாரும் ஒரே ரூமில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்கள் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் பாத்திரத்தை எல்லாம் உருட்டினேன்.

ஜூலை 19, சனி

அவன் கூட்டாளி ஒருவன் நோட்டுக் கொடுக்க வந்தான். பெரியவன் உள்ளேயே இருந்துகொண்டான். வந்த பையனுக்கு டீ போட்டுக் கொடுத்து மெதுவாகக் கேட்டேன்.

திங்கட்கிழமை பிரேயர். திருக்குறள் சொல்லி, செய்தி வாசித்து, எல்லாம் முடிந்த பிறகு பி.டி. சார் மூன்று பேரை முடி வெட்ட மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார். இவன் இரண்டாவது. மைக் ஆனில் இருந்திருக்கிறது. "இது தலையா, கோழிக் கொண்டையா? பிள்ளைகளே, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு வரிசையில் சின்னவளும் நின்றிருப்பாள். அவள் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெட்டி முடித்ததும் கீழே விழுந்த முடியை அவனையே கையால் அள்ளிக் குப்பைத்தொட்டியில் போடச் சொன்னாராம். காற்றில் பறந்ததைக்கூட விடாமல் பொறுக்கச் சொன்னாராம். "இவன்தான் அக்கா, அழலை. மத்த ரெண்டு பேரும் அழுதுட்டாங்க" என்றான், பெருமையாக.

அழுதிருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

சலூன்காரரிடம் போய்க் கேட்டேன். அந்தத் தடத்தை மறைக்கிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று. எல்லாவற்றையும் ஒட்ட வெட்டினால்தான் உண்டு என்றார். "நடுவில கோடு போட்டு விடுறதே அதுக்குத்தான் அக்கா. வேற வழியில்லாம வந்து முழுசா வெட்டிக்கிடணும்ல." போன வருஷம் பள்ளியிலிருந்து இரண்டு பேர் கடைக்கே வந்து, யூனிஃபார்மில் வருகிற பையன்களுக்கு பாக்ஸ் கட்டிங், ஒன் சைடு எதுவும் வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். பள்ளி கேட்பது போலீஸ் கட்டிங். அதிலும் காதோரம் மெஷின் போட்டு வழிக்கத்தான் செய்கிறார்கள், பையன்கள் வைக்கிற கட்டிங்கிலும் அதே மெஷின்தான் ஓடுகிறது. உச்சியில் இரண்டு அங்குலம் கூட நின்றால் பையன் கெட்டுப் போய்விட்டான் என்று அர்த்தம் போலிருக்கிறது.

முடியை வெட்டச் சொல்லி வீட்டுக்கு ஒரு சீட்டு அனுப்பியிருந்தால் நானே இழுத்துக்கொண்டு போயிருப்பேன். எனக்கும் அந்த முடி பிடிக்கவில்லைதான்.

சாயங்காலம் அத்தை ஒரு வழி சொன்னார். திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிடலாம். வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். சாமிக்குக் கொடுத்த தலையை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. "கும்பாபிஷேகம் முடிஞ்சு இப்பத்தான ரெண்டு வாரம் ஆகுது, புண்ணியம் வேற. மொட்டைக்குக் காசும் கிடையாது." அது உண்மைதான். 2021-லிருந்து கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் வாங்குவதில்லை.

வழி நல்ல வழிதான். அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது. மொட்டை போட்டுவிட்டால் திங்கட்கிழமை என்ற ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

ஜூலை 21, திங்கள்

எச்.எம். அறையில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்து, பிறகு உட்காரச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் பேசினார். "அட்மிஷன் போடும்போது நீங்கள்லாம் என்னம்மா சொல்றீங்க? கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சிருங்க சார்னுதானே சொல்றீங்க?"

நான் சொன்னதில்லை. ஆனால் என் அப்பா என் பள்ளியில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். ஊரில் எல்லாரும் அதை ஒரு நன்கொடை மாதிரி வாத்தியார் கையில் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

அப்புறம் சாதிக்கயிறு விஷயத்துக்குப் போனார். பள்ளிகளில் சாதிச் சண்டையைத் தடுக்க அரசு போட்ட நீதிபதி சந்துரு கமிட்டி அறிக்கையிலேயே பிள்ளைகளின் தோற்றத்தைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறது, நாங்கள் கண்டிப்பாக இல்லாவிட்டால் நாளைக்கு ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்றார். கையில் சாதிக்கயிறு வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதிப் பகையில் வீடு புகுந்து ஒரு பையனையும் அவன் தங்கையையும் வெட்டியது கூடப் படித்த பிள்ளைகள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து அம்மாக்கள் யாருக்கும் கயிற்றைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அந்தக் கமிட்டி போட்டது பிள்ளைகளுக்குள் யாரும் யாரையும் கீழே வைக்கக் கூடாது என்பதற்காக. என் பையனை மேடையில் ஏற்றி, மைக்கில் கேட்டு, முடியைப் பொறுக்க வைத்ததை அதில் எந்தப் பக்கத்தில் ஒட்டுவது?

இதெல்லாம் இப்போது எழுதும்போது வருகிறது. அங்கே வாயில் வந்தது, "கத்தரி மொக்கை சார்" என்பதுதான். அவருக்குப் புரியவில்லை.

ஜூலை 22

தைக்கவில்லை.

ஜூலை 23, புதன்

வக்கீல் அம்மா கோட்டுக்குக் கை பிரித்துத் தைக்க வந்தார். அளவெடுக்கும்போது கேட்டுவிட்டேன்.

கல்வி உரிமைச் சட்டம், 2009. பதினேழாவது பிரிவு. அடிக்கவும் கூடாது, மனதைத் துன்புறுத்தவும் கூடாது என்று இரண்டும் அதிலேயே இருக்கிறதாம். சந்தோஷமாக இருந்தது. உடனே அவர் கேட்டார், பையனுக்கு என்ன வயசு? மார்ச்சில் பதினைந்து முடிந்தது என்றேன். அந்தச் சட்டம் குழந்தை என்று சொல்வது ஆறிலிருந்து பதினாலு வரை.

ஆக, சின்னவளை இப்படிச் செய்தால் அந்தச் சட்டம் வரும், அண்ணனுக்கு வராது. ஒரே மேடை, ஒரே கத்தரி.

என் முகத்தைப் பார்த்துவிட்டு, அது ஒன்றுதான் சட்டம் இல்லை என்றார். தமிழ்நாட்டில் 2003-லேயே கல்வி விதி 51-ஐத் திருத்திவிட்டார்கள், பள்ளியில் உடல்ரீதியான தண்டனை கிடையாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75, அது பதினெட்டு வயது வரைக்கும். பொறுப்பில் இருக்கிறவர் குழந்தைக்குத் தேவையில்லாத உடல் வேதனையோ மன வேதனையோ கொடுத்தால் மூன்று வருஷம் வரை ஜெயில், இல்லை ஒரு லட்சம் அபராதம், இல்லை இரண்டும். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

எனக்கு யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம். அதே மைக்கில் ஒரு வார்த்தை போதும். அதற்குப் பிரிவு உண்டா என்று கேட்டேன். சிரித்தார். தையற்கூலி வாங்க மாட்டேன் என்றதற்குத் திட்டிவிட்டுக் கொடுத்துப் போனார்.

ஜூலை 25, வெள்ளி

போட்டோ எடுக்கவா என்று கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். "முகம் வரக்கூடாது. என்னைக் கேக்காம யாருக்கும் அனுப்பக் கூடாது."

பல்லவி மாதிரி அத்தை மொட்டை, மொட்டை என்கிறார். ஆதாரம் போய்விடும் என்று நான் சொல்கிறேன். இரண்டு பேரும் அடுப்படியில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் வந்து, "ஆச்சி, ஞாயித்துக்கிழமை போவோம்" என்றான். அவ்வளவுதான்.

ஜூலை 27, ஞாயிறு

திருச்செந்தூர். சரியான கூட்டம். நாழிக்கிணற்றில் குளிக்க வரிசை நகரவே இல்லை. மொட்டை அடித்தவர் பிளேடை வைக்கும் முன் தடத்தைத் தடவிப் பார்த்து, "யாருல இப்படி வெட்டுனது?" என்று கேட்டார். "கூட்டாளி, விளையாட்டுக்கு" என்றான் பெரியவன். சந்தனம் பூசின பிறகு அழகாகத்தான் இருந்தான். கடலில் வெகுநேரம் ஆடினான். வரும் வழியில் பஸ்ஸில் சுக்குக் கருப்பட்டி தின்றுகொண்டே ஏதோ பாட்டுப் பாடினான். தொப்பியை என் பையில் போட்டுவிட்டான்.

ஜூலை 28, திங்கள்

போய்விட்டு வந்தான். பி.டி. சார் தலையைத் தட்டி, "இப்பத்தாம்ல அழகா இருக்க" என்றாராம்.

ஜூலை 31, வியாழன்

மனுவில் கையெழுத்து வாங்க மற்ற இரண்டு பையன்கள் வீட்டுக்கும் போனேன். ஒரு அம்மா நான் சொல்லி முடிக்கும் முன்பே கையெழுத்துப் போட்டார். இன்னொரு வீட்டில் அப்பா நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "என் மகன் போன வருஷம் பீடி குடிச்சான்மா. அந்த சார்தான் பிடிச்சு வந்து வீட்டில விட்டாரு. நான் எப்படிக் கையெழுத்துப் போட?" இதைக் கேட்டுக்கொண்டு அவர் மகன் கதவோரம் நின்றிருந்தான். அவனும் அன்றைக்கு அழுதவன்தான்.

அவர் சொல்வதும் பொய்யில்லை. நல்லது செய்த கையும் அதுதான் என்றால், மனுவில் எப்படி எழுதுவது? நடந்ததை மட்டும் எழுதுவோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கலெக்டர் ஆபீஸ், குறைதீர்க்கும் நாள். நிலத்துக்கு, பட்டாவுக்கு, முதியோர் பணத்துக்கு வந்தவர்கள் நடுவில் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி எதற்கு வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். "முடிக்கா?" என்றார். மனு நம்பர் போட்ட சீட்டுக் கொடுத்தார்கள். போட்டோ வைக்கவில்லை.

ஆகஸ்ட் 5

குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினேன். வயது, வகுப்பு, இப்போது பள்ளிக்குப் போகிறானா, சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்று கேட்டார்கள். சாப்பிடுகிறானா என்று இதுவரை வெளியாள் யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சின்னவள் ராத்திரி சோறு தின்னும்போது திடீரென்று சொல்கிறாள். அவள் வகுப்பில் ஒரு பிள்ளை ரிப்பன் கட்டாமல் வந்ததற்கு டீச்சர் சணலை எடுத்து இரண்டு சடையிலும் கட்டிவிட்டாராம். சாயங்காலம் வரை அவிழ்க்கக் கூடாது. "கலர் வேண்டாமா உனக்கு, இந்தா கட்டிக்க"ன்னு சொன்னாங்களாம்.

எப்போது என்று கேட்டேன். "ஜூன்லம்மா. அதான் நான் டெய்லி பாத்துப் பாத்துக் கட்டச் சொல்லுதேன்."

கடையில் சிவப்பு ரிப்பன் ஒரு கட்டு கிடக்கிறது, துண்டு துண்டாக வெட்டிப் பையில் போட்டுவிட்டேன். யாராவது மறந்து வந்தால் கொடு என்று. போட்ட பிறகு யோசனையாக இருக்கிறது, இதுவும் மறைக்கிற வேலைதானோ?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கல்வி அலுவலகத்திலிருந்து போன். வியாழக்கிழமை பத்தரைக்கு வர வேண்டும். எச்.எம்., பி.டி. சார் இருவரும் வருவார்கள். "சமாதானமாப் பேசி முடிச்சுக்கலாம்மா, பையன் படிக்கிற பையன்" என்றார் பேசியவர். முடிப்பதற்கு முன்னால் பேச வேண்டாமா?

கேட்க வேண்டியதை பில் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மைக் எதற்கு. பொறுக்கச் சொன்னது எந்த விதியில் இருக்கிறது. அந்தக் கத்தரி இன்னும் ஆபீசில் இருக்கிறதா. சணல் விஷயத்தை அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கேட்காமல் எடுக்கக் கூடாது, நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

அவர் லீவு போட முடியாது என்கிறார். வக்கீல் அம்மாவுக்கு அன்றைக்குக் கோர்ட்டு. தனியாகத்தான் என்று நினைத்திருந்தேன். பெரியவன் தானும் வருவேன் என்கிறான். பள்ளிக்கூட நேரம், வேண்டாம் என்றேன். "என் தலையைப் பத்திப் பேசப் போறீங்க, நான் இல்லாம எப்படி?" என்கிறான். சாருக்கு எதிரில் உட்கார வேண்டியிருக்கும் என்றேன். தெரியும் என்றான். வக்கீல் அம்மாவிடம் போனில் கேட்டேன், கூட்டிப் போகலாமா கூடாதா என்று. கூட்டிப் போங்கள் என்றார்.