தொட்டித் தக்காளியில் மஞ்சள் இலைகள்
முதன்முறையாகத் தொட்டியில் தக்காளி வளர்ப்பவர்கள், இலை மஞ்சளானதும் உரத்தை அள்ளிப் போடாமல், எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தழைச்சத்து (நைட்ரஜன்) குறையும்போது செடி அதை முதிர்ந்த இலைகளிலிருந்து எடுத்துத் தளிர்களுக்கு அனுப்புவதால், அடியிலைகளே முதலில் வெளுக்கும். இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் இடம்பெயராது. நரம்புகள் பச்சையாகவே இருக்க, இளந்தளிர் மட்டும் வெளிறினால், மண்ணில் இரும்பு இருந்தும் அதன் கார அமில நிலை (pH) 7-க்கு மேல் ஏறியதால் வேர் அதை உறிஞ்ச முடியாமல் தவிக்கலாம். ஆகவே உரப்பையைத் தொடுவதற்கு முன் நான் அந்த pH அளவைத்தான் பார்க்கிறேன், 6 முதல் 6.8 வரை இருந்தால் நிம்மதி. இலை நுனி கருகி, மண்மேல் வெண்படலமும் படிந்திருந்தால் பெரும்பாலும் உப்பு மிகுந்திருக்கும்; அப்போது அடித்துளை வழியே நீர் தாராளமாக வெளியேறும்வரை ஊற்றி மண்ணை அலச வேண்டும்.